அம்மா ஒட்டிய கவர்

"ஒருத்தருக்குத் தெரியாம அவங்ககிட்டேருந்து எடுத்துட்டு வந்த எச்சில நாங்க தொடவே மாட்டோம்."

ஆய்வுக்கூடத்து அதிகாரி வகுப்பு முழுவதற்கும் பொதுவாகத்தான் சொன்னார். அவள் மட்டும் தோள்பையை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

உள்ளே, பாஸ்போர்ட்டுக்குப் பின்னால், அந்தக் கவர் இருந்தது.

இனப்படுகொலை, நீதி, கூட்டு நினைவு. படிப்பின் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே மூச்சு வாங்கும். ஒரு பருவம் வெளிநாட்டில் தங்கிப் படிக்க வேண்டும். கூட வந்தவர்களில் பாதிப் பேர் மதிப்பெண்ணுக்காக வந்தார்கள். மீதிப் பேர் ஊர் சுற்ற வந்தார்கள்.

அவள் இந்த ஒரு கட்டடத்துக்காக வந்தாள்.

பல நாட்டுப் புதைகுழிகளிலிருந்து எடுத்த எலும்புகளுக்கு இங்கேதான் பெயர் தேடுகிறார்கள். அவளுடைய ஊருக்கு வெளியே தோண்டிய குழியில் கிடைத்தவையும் இங்கேதான் வந்து சேர்ந்திருந்தன. பெற்றவர்களின் எச்சில் இருந்தால் மரபணுவை ஒப்பிட்டு யாரென்று சொல்லிவிடுவார்கள்.

நீளநீளமான மேசைகள். வெள்ளைத் தாள் விரிப்பு. மேசைக்கு ஓர் ஆளாக, தலை முதல் கால் வரை அடுக்கி வைத்த எலும்புகள். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஓர் எண்.



அவள் ஒவ்வொரு மேசையிலும் உயரத்தைத்தான் பார்த்தாள். அண்ணனுக்குக் கதவு நிலை தலையில் இடிக்கும்.

பள்ளிப் படிப்பின் கடைசி வருஷத்தில், சீருடையில் வந்தவர்கள் அவனைக் கூட்டிக்கொண்டு போனார்கள். விசாரித்துவிட்டு உடனே அனுப்பிவிடுகிறோம் என்றார்கள். அன்றைக்கு அந்தத் தெருவிலிருந்து போன ஆண்பிள்ளைகள் ஒருவரும் திரும்பவில்லை.

அதற்கு முன்பு, வீட்டுக்குத் தாமதமாக வந்து அம்மாவிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளும்போதெல்லாம் அவனுக்கு ஒரே பதில்தான்.

"எனக்கு முதல்ல விழுந்த பல்லே உன்கிட்ட அடமானத்துல கெடக்கு. அத விட்டுட்டு நான் எங்கம்மா போயிடப் போறேன்?"

அம்மா அந்தப் பல்லை எங்கே வைத்திருந்தாள் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. கேட்டால் முறைப்பாள்.

இன்றைக்கும் வருஷம் தவறாமல் அவனுக்கு ஒரு சட்டை எடுக்கிறாள். அளவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகிறாள்.

"இந்நேரம் சதை போட்டிருப்பான்டி. அப்படியே உங்கப்பா வாகு."

காணாமல்போனவர்களைத் தேடுகிறோம் என்று எச்சில் கேட்டு வந்த ஆணையத்துக்காரர்களைத் துடைப்பத்தோடு வாசல்வரை விரட்டியவள் அம்மா. "செத்தவன் வீட்ல போய்க் கேளுங்கய்யா! என் புள்ள வெளிய போயிருக்கான்." அவர்களில் ஒருவர் படியிறங்கிக்கொண்டே, அவன் உடம்பிலிருந்து வந்தது எதுவாக இருந்தாலும் உதவும் என்று என்னவோ சொல்லப் பார்த்தார். கதவு அவர் முகத்தில் அறைந்தது.

அதனால்தான் அவள் அம்மாவிடம் புளுக வேண்டியிருந்தது. வெளிநாடு போகிறவர்களின் வீட்டாருக்கும் பரிசோதனை உண்டாம், கல்லூரியில் கேட்கிறார்கள் என்றாள்.

அம்மா மறுபேச்சுப் பேசவில்லை. பஞ்சுக் குச்சியை வாங்கிக் கன்னத்துக்குள் தேய்த்தாள். காய வைத்துத்தான் கவரில் போட வேண்டும் என்றதும், குச்சியையும் கவரையும் எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள். வெகுநேரம் வரவில்லை. வந்தபோது கவரை அவளே ஒட்டியிருந்தாள், ஓரமெல்லாம் பசை வழிய.

வெளியே பஸ் ஹாரன் அடித்தது. மாணவர்கள் கலைந்தார்கள்.

அவள் நகரவில்லை.

அவன் இங்கே இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டாள். இருந்துவிட்டால் போதும் என்றும் வேண்டிக்கொண்டாள். எந்த மேசையென்று தெரிந்தால் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். அப்புறம் அம்மா சட்டை எடுக்கமாட்டாள்.

கவரை எடுத்து அதிகாரியின் மேசையில் வைத்தாள். "எங்கம்மாவோடது," என்றாள்.

"உங்க அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

அவள் குரலே அவளைக் காட்டிக்கொடுத்தது. அதிகாரி எத்தனை பிள்ளைகளைப் பார்த்தவரோ! கோபப்படவில்லை. கவரையும் தொடவில்லை.

"அப்போ ஒரு போன் போடுங்க. அவங்க வாயால ஒரு வார்த்தை கேட்டா எனக்குப் போதும்."

அம்மாவின் எண்ணை அழுத்தினாள். ஒலிபெருக்கியில் போடச் சொன்னார். மணி போய்க்கொண்டே இருந்தது. என்னவென்று கேட்பது? எப்படிக் கேட்டாலும் குட்டு உடைந்துவிடும். அதோடு எல்லாம் போச்சு.

எடுக்காதேம்மா.

காத்திருந்த நேரத்தில் அதிகாரியின் பார்வை கவரின் மேல் விழுந்தது. ஒரு மூலை லேசாகப் புடைத்திருந்தது.

"குச்சியோட வேற என்ன வெச்சீங்க?"

"ஒண்ணுமில்லையே..."

அவர் கையுறை மாட்டிக்கொண்டார். கவரைப் பிரிக்காமல், எக்ஸ்ரே பார்க்கும் விளக்குப் பெட்டியின் மேல் வைத்து சுவிட்சைத் தட்டினார்.

வெள்ளைக் காகிதத்துக்குள் குச்சியின் நிழல் நீளமாகத் தெரிந்தது.

அதை ஒட்டி இன்னொரு நிழல். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கம் தட்டை.

"பால் பல்லு," என்றார் அதிகாரி, மிக மெதுவாக.

அவள் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். மணி நின்றது. அந்தப் பக்கம் மூச்சு விடும் சத்தம் கேட்டது.

அம்மா ஹலோ சொல்லவில்லை. சாப்பிட்டியா என்று கேட்கவில்லை.

"குடுத்துட்டியாடி?" என்றாள்.