ரிலீவர்

குளவிக் கூட்டைக் கொளுத்தப் போய்ப் பக்கத்து வீட்டு மூங்கில் வேலியைக் கொளுத்திவிட்டேன், குளவிகள் நலம். எங்கள் கோரமண்டல் குடியிருப்பின் மாலை வெயிலில் தீயணைப்பு வண்டி வந்து நிற்கிறது. ஓட்டி வந்த சாம்சன் ஒருவரே இறங்கிக் குழாயை இழுக்கிறார். "இன்னாங்க, மத்தவங்க எங்க?" "நீங்க இருக்கீங்களே சார், புடிங்க!" வைத்த தீயை நானே அணைக்கிறேன், அவர் தண்ணீரைத் திறந்துவிடுகிறார். புகை அடங்கியதும் கரி விரலால் போனில் படம் காட்டுகிறார்: வேலூரில் பிறந்து ஒன்பது நாளான மகள். இன்னும் நேரில் பார்க்கவில்லையாம். "எப்பப் போவீங்க?" "ரிலீவர் வந்து மாத்திவுட்டா ஒரே ஓட்டம்தான்." "அவரு எப்ப வருவாரு?" குழந்தையின் மூடிய கண்களைப் பெரிதாக்கிப் பார்த்தபடியே சொல்கிறார்: "அந்த போஸ்டுக்கு இன்னும் ஆளே போடல சார்."