கறுப்பு கொஞ்சம் தூக்கல்

கடையில் பில் போடுகிறவள் சர்க்கரைப் பொட்டலத்தை ஸ்கேனரில் நேராகக் காட்டினாள். பீப் வரவில்லை. சாய்த்துக் காட்டினாள். வரவில்லை. குழந்தைக்கு மூக்கைத் துடைப்பதுபோல் முந்தானையால் துடைத்துக் காட்டினாள். ஊஹூம்.

"ஸ்கேனருக்கு இன்னிக்குத் தொண்டை கட்டிடுச்சா?" வரிசையில் நின்ற பெரியவர் கேட்டார்.

எல்லாரும் சிரித்தார்கள். கவுன்ட்டரில் இருந்தவளுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. லேபிளில் இருந்த நம்பரைப் பார்த்துப் பார்த்துக் கையால் தட்டினாள். அதற்குள் வரிசையின் கடைசியில் நின்ற ஓர் அம்மா, கூடையைத் தரையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியே போய்விட்டாள்.

போதும்டா சாமி! பெரியவரை அனுப்பிவிட்டு, 'பக்கத்துக் கவுன்ட்டருக்குச் செல்லவும்' அட்டையை நிறுத்தினாள். நேராகப் பேக்கிங் அறைக்குள் நுழைந்தாள்.

அங்கே லேபிள் ஒட்டுகிறவள் யாரோ எவரோ இல்லை. இவளுடைய சொந்தத் தம்பி மனைவி. முதலாளியிடம் சொல்லிச் சேர்த்துவிட்டதே இவள்தான். அதனால் திட்டுவதில் கொஞ்சம் கூடுதல் உரிமை.

"ஏம்மா, இது லேபிளா? மை டப்பாவைக் கவுத்த மாதிரி இருக்கு!"

"ஏன் அண்ணி? நல்லா கறுப்பா, பளிச்சுனுதானே இருக்கு?"

"உன் கண்ணுக்குப் பளிச்சுனு இருக்கும். ஸ்கேனருக்குக் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவுல வெள்ளை தெரியணும்டி. நீ கறுப்பை ஏத்தி ஏத்தி, எல்லாக் கோடும் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நிக்குது."

"கறுப்பு கொஞ்சம் தூக்கலா போச்சு போல, அண்ணி."

"தூக்கலா போறதுக்கு இது என்ன உப்பா? சர்வீஸ்காரர் வந்து பிரிண்டரைச் சரி பண்ணிட்டுப் போறார். மறுநாள் பார்த்தா பழையபடி. திரும்ப வர்றார். திரும்ப நீ கையை வெக்கிற. பட்டனைக் கண்டாலே உனக்குக் கை அரிக்குதா?"

தம்பி மனைவி கையிலிருந்த பொட்டலத்தை ஓரமாக வைத்தாள். அடுத்த பொட்டலத்தை எடுத்து, லேபிளைத் தடவித் தடவி ஒட்டினாள். அந்தத் தடவலைப் பார்க்கப் பார்க்க இவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"வெளியில என்ன பேசிக்கறாங்க தெரியுமா? நாத்தனாரைக் கவுன்ட்டர்ல அல்லாட விட்டு வேடிக்கை பார்க்கறியாம். முதலாளி காதுக்குப் போச்சுன்னா உன்னை நிறுத்திடுவார். என் தம்பியும் வேலை இல்லாம வீட்டுல உட்கார்ந்திருக்கான். உன் சம்பளமும் போச்சுன்னா ஆளுக்கொரு லேபிளை மென்னுக்கிட்டு இருக்கப் போறீங்களா?"

"இந்த ஒரு வாரம் மட்டும் விட்டுடுங்க அண்ணி. அப்புறம் நானே சரி பண்ணிடறேன்."

"கறுப்பைக் குறைக்க நாள் பார்க்கறியாக்கும்! தள்ளு."

"அண்ணி, வேண்டாம்..."

"கையை எடு!"

இவள் பிரிண்டரின் மூடியைத் திறந்தாள். பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, அச்சடிக்கிற முனையில் படிந்திருந்த கசடைத் துடைத்தாள். கோணலாகக் கிடந்த லேபிள் சுருளை நேராக்கினாள். பிறகு பட்டனை அமுக்கி அமுக்கிக் கறுப்பைக் குறைத்தாள்.

முதல் லேபிள், சோகை பிடித்தவள்போல் வெளிறி வந்தது.

"சனியன்!"

கொஞ்சம் ஏற்றினாள். வேகத்தைக் குறைத்தாள். அடுத்த லேபிளில் கோடுகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக, படிய வாரின தலைமுடி மாதிரி நின்றன. கை ஸ்கேனரைக் காட்டினாள்.

பீப்!

இன்னொன்று. பீப்! இன்னொன்று. பீப்!

சத்தம் கேட்டு அடுத்த அறையிலிருந்து முதலாளியே ஓடிவந்தார். ஸ்கேனரைப் பிடுங்கி, தானே நாலு லேபிளில் காட்டிப் பார்த்தார். முகமெல்லாம் பல்.

"யாரும்மா சரி பண்ணது?"

தம்பி மனைவி தலையைக் குனிந்துகொண்டாள். என்ன இருந்தாலும் நம் வீட்டுப் பெண். இவள் ஒரு விநாடிகூட யோசிக்கவில்லை.

"இவதான் சார். காலையிலேர்ந்து இதோட மல்லுக்கட்டிக்கிட்டு இருந்தா."

"சபாஷ்! இந்த லேபிளாலதானே நான் வாங்க நினைச்ச தானியங்கி பில் மிஷின் விஷயம் இத்தனை நாளா இழுத்துக்கிட்டே போச்சு? 'லேபிள் படிக்கலைன்னா மிஷின் வேலைக்கு ஆகாது'ன்னு கம்பெனிக்காரர் கையை விரிச்சுட்டார். அவங்க சலுகையும் இந்த வாரத்தோட முடியுது. இப்போ என் ரூம்லதான் உட்கார்ந்திருக்கார். இன்னிக்கே பேசி முடிச்சுடறேன். இனிமே வர்றவங்க அவங்களே காட்டி, அவங்களே பில் போட்டுக்குவாங்க. கவுன்ட்டர்ல ஒரு ஆள் போதும்."

சொன்ன பிறகுதான் எதிரே நிற்பது யார் என்று உறைத்தது போலிருக்கிறது. 'உங்ககிட்ட அப்புறமா பேசறேம்மா' என்று முணுமுணுத்துவிட்டு, இரண்டு லேபிளோடு நழுவினார்.

இவள் தம்பி மனைவியின் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"அவர் ரூமுக்கும் இதுக்கும் நடுவுல வெறும் பலகைதானே அண்ணி. பேசறது எல்லாம் கேட்கும்."

"பாவி, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா நேரா அவர்கிட்டப் போய்ச் சண்டை போட்டிருப்பீங்க. அன்னிக்கே உங்களை வெளியில அனுப்பியிருப்பார். உங்க வேலை போறதுக்கு, நான் உங்ககிட்டத் திட்டு வாங்கறது மேல்னு இருந்துட்டேன் அண்ணி."