பாதுகாக்கப்பட்ட முதுகு

செல்வினின் முதுகு நிறையப் பாய்மரத் தோணி ஒன்று பச்சை குத்தியிருக்கும். அதற்காகவே மாமனார் இஸ்ரவேல் தன் மகள் ஜெபாவை அவனுக்குக் கொடுக்க மூன்று வருடம் மறுத்தார். கொடுத்த பிறகும் தன் கண்ணெதிரே அவனைச் சட்டையைக் கழற்ற விட்டதில்லை.

போன மாதம் கலைத்துறை அந்த முதுகைப் பாதுகாக்கப்பட்ட ஓவியமாக அறிவித்தது. வெயில் படக் கூடாது, சோப்புப் போடக் கூடாது, நகம் படவே கூடாது. அன்றிலிருந்து ஞாயிறு தவறாமல் மாமனார் ஆட்களோடு வந்துவிடுகிறார்.

"சட்டையக் கழட்டுங்க மாப்ள. நம்ம கோயில் ஆளுக பாக்க வந்திருக்காவ."

இந்த ஞாயிறும் செல்வின் சட்டையைக் கழற்றிவிட்டுச் சுவரைப் பார்த்து நின்றான். முதுகெல்லாம் வேர்க்குரு; அரிப்புத் தாங்காமல் நெளிந்தான். ஜெபா தன்னையறியாமல் கையைக் கொண்டுபோனாள்.

மாமனார் பதறிவிட்டார். "தொடாதட்டி. தோணி கெட்டுப்போவும்."

"தோணி உங்களுக்குப்பா. எனக்கு வீட்டுக்காரரு."

ஆனாலும் கையை எடுத்துக்கொண்டாள். எல்லோரும் கிளம்பிய பிறகு கதவைத் தாழிட்டுவிட்டு வந்து, அவன் பின்னால் உட்கார்ந்தாள்.

"எங்க அரிக்கி?"

"பாய்மரத்துக்குக் கொஞ்சம் கீழ," என்று செல்வின் கண்ணை மூடிக்கொண்டான்.