சுங்க மேசையில் ஒரு ஹெட்செட்

கப்பலில் வந்த ஒரு கணினி ஹெட்செட் சுங்க மேசையில் மாட்டிக்கொண்டது. அது என்ன வகை என்று முடிவானால்தான் வரி போடுவார்கள், வெளியே விடுவார்கள்.

"உங்களில் முக்கியமான ஆள் யாரு? அந்தப் பேரில்தான் குத்துவேன்" என்று கேட்டது ரப்பர் முத்திரை.

"நான்தாண்ணே" என்றது ஹெட்போன். "காதில் உட்காருறது நான். இந்த மைக், ஓரத்துல தொங்குற குச்சி."

மைக்குக்குச் சுருக்கென்றது. "நான் இல்லைன்னா இவன் ஒரு வார்த்தை பேசுவானா, கேளுங்கண்ணே!"

நடுவிலிருந்த ஒயர் கெஞ்சியது. "ரெண்டு பேரும் ஒண்ணுதான்னு சொல்லித் தொலைங்கடா. பக்கத்துல கட்டர் படுத்திருக்கு."

இருவரும் காதில் வாங்கவில்லை. "நான்தான்", "நான்தான்" என்று மேசை அதிர்ந்தது.

முத்திரை பொறுமை இழந்தது. "இது பேசித் தீராது. பிரிச்சு எடை போட்டு, எது கனம்னு பார்த்துடுவோம்."

கட்டர் சோம்பல் முறித்து வாயைத் திறந்தது. முதலில் ஒயர் துண்டானது. பிறகு ஹெட்போன் ஒரு பக்கம் உருண்டது, மைக் ஒரு பக்கம் விழுந்தது.

இப்போது முத்திரைக்கு எந்தக் குழப்பமும் இல்லை. மை தொட்டு ஓங்கிக் குத்தியது: "உடைந்த சாமான்."