சுண்ணாம்புக் கொட்டகை

பூங்காவில் புதிதாக வரப்போகும் நடைபாதை வாசல், உட்கார்ந்து சாப்பிடும் கொட்டகை, ஊஞ்சல் திடல் மூன்றுக்கும் மாநகராட்சிப் பொறியாளர் ரெஜினா நேற்றுதான் தரையில் சுண்ணாம்புத் தூளால் கோடு போடவைத்திருந்தாள். இன்று கொட்டகைக் கோட்டுக்கு வெளியே ஏழு ஜோடிச் செருப்புகள் வரிசையாகக் கிடந்தன. உள்ளே, வெட்டவெளியில், ஒரு குடும்பம் வட்டமாக உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

ரெஜினாவின் கையில் திருத்திய வரைபடம் இருந்தது. அதில் கொட்டகை இல்லை. அந்த இடம் வண்டி நிறுத்தத்துக்குப் போய்விட்டது. பழைய கோட்டை அழிக்க விளக்குமாறோடு வந்த மாரிக்கனி, செருப்புகளுக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டாள்.

"ஏன் நின்னுட்டீங்க? கூட்டுங்க."

"சாப்புடுறவங்க முன்னாடி எப்படி மேடம் கூட்டுறது?"

"அவங்க வெறுந்தரையிலதானே உட்கார்ந்திருக்காங்க."

மாரிக்கனி விளக்குமாறை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

அப்போது தூறல் விழுந்தது. எல்லோரும் எழுந்து மரத்தடிக்கு ஓடுவார்கள் என்று ரெஜினா நினைத்தாள். ஒருவரும் அசையவில்லை. பரிமாறிக்கொண்டிருந்த பெண் மட்டும் சற்று நகர்ந்து இடம்விட்டு, அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏம்மா வெளிய நின்னு நனையுறீங்க? உள்ள வாங்க."

ரெஜினா குனிந்து பார்த்தாள். அவள் காலடியில் கோடு கரைந்துகொண்டிருந்தது. அது முழுவதும் போய்விடுவதற்குள் அவசர அவசரமாகச் செருப்பைக் கழற்றினாள்.