புதுநன்மைச் சுருள்

முடிச்சு அவிழவில்லை.

இன்னொன்றைப் பிடித்து இழுத்தான். அது இன்னும் இறுகியது. ஊக்கின் முனையை விட்டு நெம்பினான். பல்லால் கடித்துப் பார்த்தான். ம்ஹூம்.

கோயிலில் முதல் மணி அடித்தாயிற்று. ஏழு மணிக்குப் பூசை. மகள் பெனிட்டாவுக்கு இன்று புதுநன்மை. எட்டு வயதில் முதன்முதலாக நற்கருணை வாங்கப் போகிறவள், வெள்ளைக் கவுனும் தலை நிறையத் துணி முடிச்சுமாக முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

மொத்தம் இருபத்திரண்டு முடிச்சு.

தப்பு அவனுடையதுதான்.

நேற்றுச் சாயங்காலம் மனைவி பிலோமி குவைத்திலிருந்து வீடியோவில் வந்து படிப்படியாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். மகளின் முடியை லேசாக ஈரப்படுத்த வேண்டும். துணியைக் கீற்றுக் கீற்றாகக் கிழித்து, ஒவ்வொரு கற்றையையும் ஒரு கீற்றில் சுற்றி மேலே ஏற்றி, இரண்டு நுனியையும் முடிந்துவிட வேண்டும். காலையில் அவிழ்த்தால் சுருள் சுருளாக விழும். பார்லருக்குக் கொண்டுபோய்ச் சூடு மட்டும் வைத்துவிடக் கூடாது, பச்சைப்பிள்ளை முடி கருகிப் போகும்.

அலமாரியில் இருக்கும் தன் பழைய பருத்திச் சேலையைக் கிழிக்கச் சொன்னாள். அவனுக்கு மனம் வரவில்லை. தான் இடுப்பில் கட்டும் சாரத்தைக் கிழித்தான்.

அந்த ஊரில் புதுநன்மை வாங்கும் பெண்பிள்ளைகள் சுருள்முடியோடுதான் கோயிலுக்குப் போவார்கள். முந்தின நாளே அம்மாக்கள் முடிந்துவிடுவார்கள். பிலோமி வீட்டுவேலைக்கென்று போய் இரண்டு வருஷம். கவுன் அனுப்பினாள், பூக்கிரீடம் அனுப்பினாள், வெள்ளை ஷூ அனுப்பினாள். கையைத்தான் அனுப்ப முடியவில்லை.

“தாயில்லாப் புள்ள மாதிரி எம்புள்ள அங்க போயி நிக்கக் கூடாது, பாத்துக்கிடுங்க.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அவனுக்குத்தான் அதன்பிறகு சோறு இறங்கவில்லை.

பொன்னைப்போலப் பார்த்துப் பார்த்துச் சுற்றினான். ஆனால் நுனிகளை முடியும்போது விரல்கள் அவனைக் கேட்கவில்லை. இருபது வருஷமாகப் போட்டுப் பழகிய முடிச்சையே போட்டுவிட்டன. வலைமுடிச்சு. மீன் துள்ளத் துள்ள இறுகுமே ஒழிய அவிழாது.

பெனிட்டாவுக்கு எந்தப் பக்கம் படுத்தாலும் குத்தியது. கடைசியில் அவன் உள்ளங்கையில் கன்னத்தை வைத்துத் தூங்கிப்போனாள். விடியும்வரை அவன் கையை எடுக்கவில்லை.

இரண்டாம் மணி அடித்தது.

“எப்பா, வலிக்கி.”

“இன்னும் கொஞ்சம் பொறுத்துக்கிடுளா.”

கத்தரிக்கோலைத் தேடப் பொழுதில்லை. வலைநூல் அறுக்கிற கத்தியை எடுத்தான். முடிச்சுக்கும் முடிக்கும் நடுவே நுனியை விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு அறுத்தான்.

முதல் சுருள் விழுந்தது. விழுந்து, ஒரு துள்ளுத் துள்ளி, அவள் கன்னத்தோடு நின்றது. அவன் வாய் பிளந்து பார்த்தான். இதையா தன் கை செய்தது?

இரண்டு. ஐந்து. பத்து. கை வேகம் பிடித்தது. வேகம் பிடித்த கைக்கு வலை எது, பிள்ளையின் தலை எது என்றெல்லாம் தெரியாது. கடைசிக்கு முந்தின முடிச்சில், இடது காதுக்கு மேலே, துணியோடு சேர்ந்து முடியும் வந்துவிட்டது.

ஒரு முழுச் சுருள், அவன் கையில்.

புயலில் படகு கவிழ்ந்தபோதுகூட அழாதவன், இப்போது அழுதான்.

பெனிட்டா அதைப் பார்த்தாள். கண்ணாடியைப் பார்த்தாள். அவள் அழவில்லை. மிச்சமிருந்த ஒரு முடிச்சையும் அறுக்கவிட்டு, கிரீடத்தை எடுத்து, இடப்பக்கம் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொண்டாள்.

“அம்மாட்டச் சொல்லிராதளா.”

“நானாச் சொல்ல மாட்டேன். கேட்டாச் சொல்லிருவேன்ப்பா. நேத்துதான் பாவசங்கீர்த்தனம் பண்ணிருக்கேன்.”

நியாயம்தான். நேற்றுக் கழுவிய ஆன்மாவை இன்று காலையிலேயே யார்தான் அழுக்காக்குவார்கள்?

போன் அடித்தது. பிலோமிதான். அங்கே இன்னும் விடியவில்லை. வேலை பார்க்கிற வீட்டில் எல்லாரும் தூங்குகிறார்கள். குளியலறைக்குள் நின்றுகொண்டு கிசுகிசுப்பாகப் பேசினாள். மகளை இந்தப் பக்கம் திரும்பச் சொன்னாள். அந்தப் பக்கம் திரும்பச் சொன்னாள். கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

தப்பித்தோம் என்று நினைத்தான்.

“இடது காதுக்கு மேல ஒண்ணக் காணமே?”

அந்தச் சின்னத் திரையில், அவ்வளவு தூரத்திலிருந்து, கிரீடத்துக்குக் கீழே இல்லாத ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டாள்.

பெனிட்டா உதட்டை இறுக மடித்துக்கொண்டு அப்பாவைப் பார்த்தாள்.

அவன் சட்டைப்பையில் கைவிட்டு, அந்தச் சுருளை எடுத்து, போனுக்கு முன்னால் நீட்டினான். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக நின்றான்.

பிலோமி திட்டவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எறிஞ்சிராதீங்க. அடுத்த வாரம் மரியான் அண்ணன் லீவு முடிஞ்சி இங்க வாறாகல்ல. அவுகட்டக் குடுத்துவிடுங்க.”

அவன் தலையை ஆட்டி, சுருளைத் திரும்பச் சட்டைப்பையில் வைத்தான்.

பெனிட்டா அப்பாவைப் பார்த்தாள். போனில் அம்மாவைப் பார்த்தாள். பிறகு கிரீடத்தைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, வலது பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள்.

“ஒண்ணு போதுமாம்மா?”