பருந்துக்கு ஒரு வணக்கம்

தோப்புக்கு மேலே பருந்து வட்டமிடத் தொடங்கியதும், தாய்க்கோழி வெள்ளச்சிக்குப் பயம் பிடித்துக்கொண்டது. தற்காப்பு பழகியே ஆகவேண்டும் என்று கிளம்பினாள்.

"தொண்டை கிழியக் கத்தணும், கண்ணைப் பார்த்துக் கொத்தணும், குஞ்சுகளோட புதருக்குள்ள ஓடணும். நான் பழக்கிவிடுறேன் அக்கா," என்றது காகம்.

"சீ, இதெல்லாம் ஒரு வித்தையா?" என்று வெள்ளச்சி சேவலிடம் போய்ச் சேர்ந்தாள். ஒற்றைக்காலில் நிற்கவும், சிறகு விரித்து எதிரியை வணங்கவும் சேவல் அழகாகக் கற்றுக்கொடுத்தது. பார்த்தவர்களெல்லாம் மெச்சினார்கள்.

ஒரு மதியம் பருந்து இறங்கியே விட்டது. வெள்ளச்சி முறைப்படி வணங்கி நிமிர்வதற்குள், கடைக்குட்டி மஞ்சாடியைத் தூக்கிக்கொண்டு பறந்தது.

அன்று மாலையே காகத்திடம் ஓடினாள். "எனக்குக் கத்தச் சொல்லிக்கொடு."

"என்ன வாயில வருதோ, அதையே உரக்கக் கத்து அக்கா."

வெள்ளச்சி வாயைத் திறந்தாள். "மஞ்சாடி" என்றுதான் வந்தது.